தோற்றவளுக்கும் ஒரு சன்னதி

காவிரி பாயும் சீமையில் சாமி ஜெயித்த கதைகளுக்குப் பஞ்சமில்லை. தில்லையில் காளியோடு நடனப் போட்டி; சாமி ஜெயித்தார். தோற்ற காளி ஆவேசம் தணியாமல் ஊர் எல்லைக்குப் போய்விட்டாள். இன்றைக்கும் சிதம்பரத்தில் தில்லைக்காளி கோயில் ஊரின் ஓரத்தில்தான் இருக்கிறது. ஜெயித்தவர் நடுவில், தோற்றவள் ஓரத்தில். போட்டி என்றால் அப்படித்தான் முடியும் என்று நாமும் பழகிவிட்டோம்.

திருவாரூர் மாவட்டம் திருப்பூவனூரில் அது வேறு மாதிரி முடிகிறது.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிந்து கோரையாறும் பாமணியாறும் தனித்தனியே கிளம்புகின்றன. அங்கிருந்து மன்னார்குடி போகும் வழியில், வயலுக்கு நடுவே இருக்கிறது திருப்பூவனூர். அப்பர் தேவாரம் பெற்ற தலம். சாமிக்குப் பெயர் சதுரங்க வல்லபநாதர். எலிக்கடி, விஷக்கடி என்று வருகிறவர்களுக்குச் சாமுண்டீஸ்வரி சன்னதியில் வேர் கட்டுவார்கள். சுற்றுவட்டாரத்து ஜனங்களுக்கு அந்த வகையில்தான் கோயில் பழக்கம். 2022 ஜூலை 28 அன்று சென்னையில் 44-வது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பிரதமர் இந்தக் கோயிலைக் குறிப்பிட்டுப் பேசிய பிறகுதான் வெளியூரில் பலருக்கு இப்படியொரு சாமி இருப்பதே தெரிந்தது.

தல புராணம் சுருக்கமாக இதுதான். தென்பாண்டி நாட்டு ராஜா வசுதேவனுக்குக் குழந்தை இல்லை. மனைவி காந்திமதியோடு தாமிரபரணியில் நீராடும்போது தாமரைப்பூவில் ஒரு சங்கு கிடக்கிறது. கையில் எடுத்ததும் சங்கு பெண் குழந்தையாகிறது. ராஜராஜேஸ்வரி என்று பெயர் வைக்கிறார்கள். சாமுண்டியே செவிலித்தாயாக வந்து வளர்க்கிறாள். எல்லாக் கலையும் கற்ற பெண், சதுரங்கத்தில் மட்டும் யாராலும் கிட்ட நெருங்க முடியாத இடத்துக்குப் போய்விடுகிறாள். அவளைச் சதுரங்கத்தில் ஜெயிப்பவருக்கே கட்டிக்கொடுப்பேன் என்று அறிவிக்கிறார் ராஜா. வந்தவரெல்லாம் தோற்றுத் திரும்புகிறார்கள். மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்ற கவலையில் குடும்பத்தோடு தலயாத்திரை கிளம்பிய ராஜா திருப்பூவனூருக்கு வருகிறார். அங்கே ஒரு கிழவர், நான் ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கலாமா என்கிறார். ஆடுகிறார்கள். அவள் தோற்கிறாள். போயும் போயும் ஒரு கிழவருக்கா பெண்ணைக் கொடுப்பது என்று ராஜா தவிக்கும்போது, சாமி தன் உருவத்தைக் காட்டுகிறார்.

ராஜராஜேஸ்வரிக்கு அந்தக் கோயிலுக்குள்ளேயே தனிச் சன்னதி. தோற்றதற்காக யாரும் அவளை எல்லைக்கு அனுப்பவில்லை.

இந்தக் கதையை எல்லோரும் சாமியின் பக்கமிருந்து சொல்வார்கள். செஸ் ஆடிப் பழகியவர்கள் அந்தப் பெண்ணின் பக்கமிருந்தும் ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம். நாளுக்கு ஒருவன் வந்து எதிரே உட்காருகிறான். பத்தாவது நகர்த்தலிலேயே அவன் எங்கே தடுக்கி விழப் போகிறான் என்பது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. மிச்ச ஆட்டம் வெறும் சம்பிரதாயம். வந்தவனுக்குக் கண் பலகையின் மேல் இல்லை, ராஜ்யத்தின் மேல். ஜெயிக்க ஜெயிக்க அவள் ஆட்டத்தில் ஒன்றும் கூடாது. தன் ஆட்டத்தில் எங்கே ஓட்டை என்று காட்ட ஓர் ஆள் இல்லாமல், இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். அரண்மனையில் அதைக் கண்டு கவலைப்பட்டவர் யாருமில்லை. எல்லோருக்கும் கல்யாணக் கவலை. என் கணக்குப்படி அந்தக் கிழவர் வந்த அன்றுதான் அவளுக்கு முதல்முதலாக ஒரு நல்ல ஆட்டம் கிடைத்தது.

தோற்கடிக்கத் தகுதியுள்ள ஆள் ஒருவர் வாய்ப்பதை வரம் என்று சொல்லும் கதை வேறு எங்கேயும் இருக்கிறதா என்று எனக்கு நினைவில்லை. கேரளத்து அம்பலப்புழையில் ஒன்று உண்டு, ஆனால் அதன் ருசி வேறு. அங்கே கிருஷ்ணன் ராஜாவோடு ஆடி ஜெயித்து, முதல் கட்டத்துக்கு ஒரு மணி அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று கேட்கிறான். ஆயிரம் மணி அரிசி ஏறத்தாழ 20 கிராம் என்று வைத்துக்கொண்டு நெல் விளைகிற ஊர்க்காரன் கணக்குப் போட்டால், பாதிப் பலகைக்கு, அதாவது 32 கட்டத்துக்கு, சுமார் 86 டன் வரும். பெரிய மிராசுதார் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிடலாம். 64-வது கட்டம் முடியும்போது 36,000 கோடி டன்னைத் தாண்டிவிடுகிறது. இன்றைக்கு உலகம் முழுக்க விளைகிற அரிசியைக் கிட்டத்தட்ட 700 வருஷம் சேர்த்து வைத்தால்தான் சரிக்கட்ட முடியும். ராஜா கட்ட முடியாத அந்தக் கடனுக்காகத்தான் இன்றைக்கும் அங்கே பால்பாயசம் கொடுக்கிறார்கள் என்பது ஐதிகம். அம்பலப்புழையில் தோல்வி கடனாகிறது. திருப்பூவனூரில் தோல்வி உறவாகிறது. இரண்டில் எதைக் குழந்தைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது.

நம் திண்ணைகளில் செஸ் ரொம்ப நாள் கிடையாது. தாயம் உண்டு, பல்லாங்குழி உண்டு, கோயில் கல்தளத்தில் கோடு கிழித்த ஆடுபுலி ஆட்டம் உண்டு. தாயத்தில் தோற்றவர் முகத்தைப் பார்த்திருப்பீர்கள்; பெரிய வாட்டம் இருக்காது. "கட்டை விழலை, என்ன பண்றது" என்று தட்டிவிட்டு எழுந்துவிடுவார். பழைய சதுரங்கத்திலும் ஒரு வகைக்குப் பகடை இருந்தது. 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, நான்கு பேர் உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் சதுரங்கத்தை விவரித்திருக்கிறார். அந்த வகை வழக்கொழிந்தது; நிலைத்தது பகடையில்லாத இரண்டு பேர் ஆட்டம். பகடையோடு சேர்ந்து சாக்கும் போய்விட்டது. இரண்டு பக்கமும் அதே 16 காய், எல்லாம் கண்ணுக்கு எதிரே திறந்து கிடக்கிறது, ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை. தோற்றால் தோற்றவன்தான் காரணம். செஸ்ஸில் தோற்பது மற்ற ஆட்டங்களைவிடக் கூடுதலாக வலிப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். முட்டாளாகிவிட்டோம் என்று மனசு நேரடியாகச் சொல்கிறது. குறுக்கே நின்று தடுக்கப் பகடை இல்லை.

வாழ்க்கை செஸ் மாதிரி என்று மேடையில் சொல்கிறவர்களை நம்பிவிட வேண்டாம். டெல்டா விவசாயியிடம் போய் அதைச் சொன்னால் சிரிப்பார். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2023-ல் சரியாக ஜூன் 12-ல் திறந்தார்கள். நம்பிக் குறுவை போட்டார்கள். கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய தண்ணீர் வரவில்லை, கடைமடையில் பயிர் காய்ந்தது, அக்டோபரில் அணையை மூடிவிட்டார்கள். 2024-ல் திறந்ததே ஜூலை 28-ல். தண்ணீர் வந்து, பூச்சி வராமல் விளைந்தாலும், அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கூடுதல் என்று மூட்டையைத் தள்ளி வைப்பார்கள். இது செஸ் அல்ல, தாயம். அதிலும் பகடை நம் கையில் இல்லாத தாயம்.

அப்படியானால் பகடையில்லாத ஆட்டத்திலிருந்து பகடை உருளும் வாழ்க்கைக்கு என்ன கொண்டுபோக முடியும்?

ஒன்றைக் கொண்டுபோகலாம் என்று தோன்றுகிறது. ஒரு போகம் போனதும் டீக்கடை பெஞ்சில் நடக்கும் பேச்சைக் கவனித்தால் தெரியும். ஒருவர், எல்லாம் மேட்டூர் பண்ணிய வேலை என்பார். இன்னொருவர், எல்லாம் என் தலையெழுத்து என்பார். மூன்றாவதாக ஒருவர் இருப்பார். அதிகம் பேச மாட்டார். "தண்ணி நம்ம கையில இல்லங்க. ஆனா நாத்தங்கால் போட்டுட்டு உக்காந்திருந்தது நான்தான். நேரடி விதைப்பு போட்டிருந்தா பத்து நாள் முந்தியிருக்கும்" என்பார். பகடை விழுந்த விதம் எது, தன் காயை நகர்த்திய விதம் எது என்று பிரித்து வைக்கத் தெரிந்தவர் அவர். முதலாமவருக்கு எல்லாமே பகடை, இரண்டாமவருக்கு எல்லாமே தன் குற்றம். இருவருக்கும் அடுத்த போகத்துக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்தப் பிரிக்கும் பழக்கத்தை வயலில் கற்பதற்கு விலை அதிகம்; ஒரு தப்புக்கு ஒரு வருஷம் போய்விடும். பலகையில் கற்றால் ஒரு ஆட்டம்தான் போகும். செஸ் வாழ்க்கையைப் போல இல்லாததுதான் அதன் உபயோகம்.

ஆனால் அந்தப் பழக்கம் தோற்றால் தானாக வந்துவிடாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. அதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

டெல்டா ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை செஸ் போட்டி என்றால் ஏதாவது பள்ளிக்கூட ஹால், இல்லையென்றால் முகூர்த்தம் இல்லாத நாளில் ஒரு கல்யாண மண்டபம். சாப்பாட்டு மேஜைகளை வரிசையாகப் போட்டு, மேலே ரப்பர் துணிப் பலகை விரித்திருப்பார்கள். மேஜைக்கு நடுவே கடிகாரம். கயிற்றுக்கு இந்தப் பக்கம் அப்பா அம்மாக்கள், தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் கையில். பிள்ளைகள் ஒவ்வொரு நகர்த்தலையும் ஸ்கோர் ஷீட்டில் எழுதியாக வேண்டும். அந்தத் தாளை வாங்கிப் பார்த்தால் ஆட்டம் தெரியாதவர்கூட விஷயத்தைச் சொல்லிவிடலாம். முப்பது நகர்த்தல் வரை எழுத்து கட்டத்துக்குள் அடங்கிச் சின்னதாக இருக்கும். திடீரென்று ஒரு வரியில் பேனா அழுந்தும். அதற்கப்புறம் எழுத்து கட்டத்தை விட்டு வெளியே வழியும். குதிரை போன இடம் அதுதான்.

பிள்ளை வெளியே வருகிறது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் கால் வைத்ததும் முதல் கேள்வி: "ஜெயிச்சியா?" இல்லை என்றால் அடுத்தது: "அவன் ரேட்டிங் எவ்வளவு?" எதிராளிக்கு ரேட்டிங், அதாவது ஆட்டபலத்தைக் காட்டும் எண், அதிகம் என்றால் மன்னிப்பு உண்டு, குறைவு என்றால் சாப்பாடு தொண்டையில் இறங்காது. இப்போது மூன்றாவதாகவும் ஒன்று சேர்ந்திருக்கிறது. அப்பா கைபேசியை எடுத்து ஸ்கோர் ஷீட்டைப் பார்த்து நகர்த்தல்களைத் தட்டுகிறார். ஸ்டாக்ஃபிஷ் என்ற அந்தச் செயலிக்கு உலக சாம்பியனே சமமில்லை. அரை நொடியில் 31-வது நகர்த்தலுக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி போட்டுவிடுகிறது. "இங்க பாரு, இங்கதான் கோட்டை விட்டிருக்க." பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறது.

அந்த இயந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. எங்கே தப்பு என்பதில் அது பொய் சொல்லாது. ஆனால் 31-வது நகர்த்தலில் அந்தப் பிள்ளை ஏன் அப்படி நினைத்தது, எதைக் கண்டு பயந்தது, எதிரே இருந்தவன் அந்த நேரம் எதைக் கண்டு பயந்துகொண்டிருந்தான் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான். இரண்டு மணி நேரம் அதே 64 கட்டத்தை அதே தவிப்போடு பார்த்துக்கொண்டிருந்த எதிராளி.

அதனால்தான் பழைய ஆட்டக்காரர்களிடம் ஒரு வழக்கம். கை குலுக்கி, தாளில் கையெழுத்துப் போட்டு முடித்ததும், "அனலைஸ் பண்ணலாமா?" என்று கேட்பார்கள். தோற்றவரும் ஜெயித்தவரும் ஹாலுக்கு வெளியே ஒரு மூலையில் காய்களை மறுபடி அடுக்கி, ஆட்டத்தை முதலிலிருந்து போட்டுப் பார்ப்பார்கள். இப்படி ஒரு ஜோடியை மண்டப வராந்தாவில் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பையன். நாலாம் வகுப்பு தாண்டாத ஒரு பெண். தோற்றது பையன். காது சிவந்திருந்தது. இருந்தாலும் அவன்தான், "பாப்பா, வா, அனலைஸ் பண்ணலாம்" என்று கூப்பிட்டான். தரையில் பலகையை விரித்து அவன் வேகமாக வைத்துக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றான்.

"இங்க நான் சிப்பாயைத் தள்ளியிருக்கக் கூடாது, இல்ல?"

"அது இல்லண்ணா. அதுக்கு முன்னாடி. யானையை இந்த வரிசைக்குக் கொண்டுவந்திருந்தா நான் காலி. நீங்க கொண்டுவந்துடுவீங்கன்னு பயந்துகிட்டே இருந்தேன்."

"அட! ராஜாவுக்கு ஆபத்துன்னு விட்டுட்டேனே."

"ஆபத்தெல்லாம் இல்லண்ணா. இங்க பாருங்க, நான் செக் வச்சாலும் நீங்க நகந்துக்கலாம்."

பையன் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சிரித்துவிட்டான். தன் பயத்தைத் தானே காட்டிக்கொடுத்தாள் அந்தச் சின்னப் பெண். அதனால் அவள் வெற்றி ஒரு பிடிகூடக் குறைந்துபோகவில்லை. அந்தப் பையனுக்கோ கைபேசி சொல்ல முடியாத ஒன்று கிடைத்தது: தன் ராஜா நினைத்த அளவுக்கு ஆபத்தில் இல்லை என்ற செய்தி. நம்மில் பாதிப் பேர் தோற்பது எதிராளியின் பலத்தால் அல்ல. அவரும் நம்மைக் கண்டு பயந்துகொண்டுதான் இருக்கிறார் என்பது தெரியாததால்.

அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில், வாய்க்கால் தகராறில், அலுவலகச் சண்டையில் எல்லாம் ஆட்டம் முடிந்ததும் இரண்டு பக்கமும் எழுந்து போய்விடுகிறோம். தோற்றவர் தன் ஆட்களிடம் போய்ப் புலம்புகிறார், ஜெயித்தவர் தன் ஆட்களிடம் போய் அளக்கிறார். உண்மையின் பாதி இவரிடமும் பாதி அவரிடமும் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்க யாரும் பலகையை மறுபடி அடுக்குவதில்லை.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் தோல்வி வலிக்கும். 2025 ஜூன் 1 அன்று நார்வே செஸ் போட்டியில், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை அப்போது உலக சாம்பியனாக இருந்த குகேஷிடம் விட்ட முன்னாள் சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன் மேஜையை ஓங்கிக் குத்தினார், காய்கள் துள்ளின. உலகமே அந்தக் காட்சியைத்தான் திரும்பத் திரும்பப் போட்டது. கை கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, போகும்போது குகேஷின் முதுகில் தட்டிக் கொடுத்ததை அவ்வளவு பேர் பார்க்கவில்லை. குத்துவது எல்லோருக்கும் வரும். தட்டிக் கொடுப்பது பழக்கத்தில் வர வேண்டும்.

அன்றைக்கு எதிரே எழுந்து நின்ற குகேஷுக்குத் தோல்வியின் விலை நன்றாகத் தெரியும். 2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் இந்தியாவின் இரண்டாவது அணிக்கு முதல் பலகையில் ஆடிய 16 வயதுப் பையன், முதல் எட்டு ஆட்டத்தையும் தொடர்ந்து ஜெயித்தார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக ஜெயிக்கும் நிலையில் இருந்தவர், நேர நெருக்கடியில் கோட்டை விட்டுத் தோற்றார். அந்தச் சுற்று 2-2 என்று முடிந்தது. கடைசியில் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், இந்தியாவின் இரண்டாவது அணிக்கு வெண்கலம். ஆட்டம் முடிந்தும் நாற்காலியை விட்டு எழ முடியாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பையனின் படம் பலருக்கு நினைவிருக்கும். முதல் பலகைக்கான தனிநபர் தங்கம் அவருக்குத்தான் கிடைத்தது; அன்றைக்கு அது ஆறுதலாக இருந்திருக்காது.

2024 ஏப்ரலில் டொராண்டோ கேண்டிடேட்ஸ் போட்டி; உலக சாம்பியனோடு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி அது. ஏழாவது சுற்றில் பிரான்சின் அலிரேசா ஃபிரூஜாவிடம், மறுபடி நேர நெருக்கடியில், தோற்றார். மறுநாள் ஓய்வு நாள். போட்டியை ஜெயித்த பிறகு, இது என் போட்டி என்று உங்களுக்கு எப்போது தோன்றியது என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில், அந்த ஏழாவது சுற்றுத் தோல்விக்குப் பிறகு என்பது. ஜெயித்த ஆட்டம் எதையும் சொல்லவில்லை. அதே வருஷம் சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே, அதுவும் வெள்ளைக் காயோடு, டிங் லிரனிடம் தோற்றார். மூன்றாவது ஆட்டத்தில் சமன் செய்தார். டிசம்பர் 12-ல், 14-வது ஆட்டத்தில், 18 வயதில் சாம்பியனானார். தோல்வியைப் படிக்கட்டு என்று சொல்வது நமக்கு வழக்கம். படிக்கட்டு தானாகக் கட்டிக்கொள்ளாது. மாமல்லபுரத்து நாற்காலிக்கும் டொராண்டோ ஓய்வு நாளுக்கும் இடையில் யாரோ அவரோடு உட்கார்ந்து பலகையை மறுபடி மறுபடி அடுக்கியிருக்கிறார்கள்.

அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருவர் நம் ஆற்றங்கரையில் பிறந்தவர். விஸ்வநாதன் ஆனந்த் 1969 டிசம்பர் 11-ல் பிறந்தது மாயூரத்தில்; இன்றைய மயிலாடுதுறை, அன்றைக்குத் தஞ்சாவூர் மாவட்டம். அப்பா ரயில்வே அதிகாரி, ஆட்டம் சொல்லிக்கொடுத்தது அம்மா. வளர்ந்ததும் ஆடியதும் சென்னையில்தான், அதனால் மயிலாடுதுறை அவரை ரொம்ப உரிமை கொண்டாடுவதில்லை. 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், ஐந்து தடவை உலக சாம்பியன். அவர் ஜெயித்த கதைகள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு முக்கியம் அவர் தோற்ற கதை. 2013 நவம்பர், சென்னை. சொந்த ஊர் ஜனங்கள் முன்னால் 22 வயது கார்ல்சனிடம் 3.5-க்கு 6.5 என்று பட்டத்தை இழந்தார். ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. வயது 44-ஐத் தொடப் போகிறது, இனி ஓய்வுதான் என்று பத்திரிகைகள் எழுதின. நான்கு மாதத்தில் கேண்டிடேட்ஸ் போட்டியை ஜெயித்து அதே கார்ல்சனை மறுபடி சந்திக்கப் போனார். மறுபடி தோற்றார். 2017 கடைசியில் ரியாத்தில், 48 வயதில், உலக ரேபிட் சாம்பியன் ஆனார். வழியில் கார்ல்சனையும் ஜெயித்தார்.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. 2020 டிசம்பரில் தொடங்கிய அகாடமியில், குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி போன்ற இளையவர்களை அழைத்து, தன் முப்பது வருஷ அனுபவத்தை எடுத்து முன்னால் வைத்தார். அப்போதும் அவர் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தார். இந்தியாவின் முதல் இடம் அவருடையதாகவே இருந்தது. தன் இடத்தைப் பிடிக்கப் போகிறவர்களுக்கு அந்த இடத்துக்கு வழி சொல்லிக் கொடுப்பது எவ்வளவு பேருக்கு வரும்? 2023 செப்டம்பர் தரவரிசையில் குகேஷ் அவரைத் தாண்டினார். 1986-லிருந்து 37 வருஷம் ஒருவரிடமே இருந்த இடம் மாறியது. மாற்றியது அவர் கைபிடித்து உட்கார வைத்த பையன்.

நம் வீடுகளில் இதைச் சின்ன அளவில் பார்க்கலாம். அப்பா பிள்ளைக்குச் செஸ் சொல்லிக்கொடுப்பார். யானை நேராகப் போகும், குதிரை தாண்டிப் போகும் என்பதிலிருந்து ஆரம்பம். இரண்டு மூன்று வருஷம் தினம் ஆட்டம், தினம் பிள்ளை தோற்கும், அப்பா ரொம்ப உற்சாகமாகத் தப்புகளை எடுத்துச் சொல்வார். ஒரு நாள் பிள்ளை ஜெயித்துவிடும். அன்றோடு அப்பாவுக்கு வேலை அதிகமாகிவிடும். பலகை பரண் மேல் ஏறிவிடும். பிள்ளைக்கு அப்போதுதான் அப்பா தேவை. தோற்பது எப்படி என்று காட்ட அவரைவிட்டால் வேறு ஆள் கிடையாது. தோற்கக் கற்றுக்கொடுக்காமல் ஜெயிக்கக் கற்றுக்கொடுத்த அப்பாக்கள்தான் பிறகு மண்டபத்துக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ரேட்டிங் கேட்கிறார்கள்.

கண்ணை நம்பி ஒரு விஷயம் சொல்கிறேன்: போட்டிகளில் அனலைஸ் பண்ணும் ஜோடிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அடுத்த சுற்றுக்கு அவசரம், கைபேசி இருக்கிறதே என்ற தைரியம், எதிராளியின் அப்பாவைக் கண்டால் ஒரு கூச்சம். இடமும் இல்லை. ஹாலுக்குள் பேசக் கூடாது, வராந்தாவில் செருப்பு.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோப்பைக்கும் பேனருக்கும் செலவு செய்கிறீர்கள். மண்டபத்தின் ஒரு பக்கம் கடிகாரம் இல்லாத பலகைகள் பத்துப் போட்டு, கூட்டிப் பெருக்கி, பாய் விரித்து வையுங்கள். ஆட்டம் முடிந்து வெளியே வரும் பிள்ளைகள் இருவரும் பெற்றோரைப் பார்க்கும் முன்னால் அங்கே பத்து நிமிஷம் உட்காரட்டும். கைபேசியோடு பின்னால் வரும் அப்பாக்களைக் கயிற்றுக்கு வெளியேயே நிறுத்தி வையுங்கள். அடுத்த சுற்று கால் மணி நேரம் தாமதமானால் குடி ஒன்றும் முழுகிவிடாது.